சாக்லேட் பெட்டி எப்படிப் பலகாரத் தட்டில் ஏறியது?

உங்கள் கேள்வி இதுதான்: காரைக்குடியில் உங்கள் மாமியார் வீட்டிலேயே அதிரசம், மாவுருண்டை, சீப்புச்சீடை, தேன்குழல் போட்டு விற்கிறார். கைப்பக்குவத்தில் ஒரு குறையும் இல்லை. ஆனால் தீபாவளி வந்தால் அதே தெருக்காரர்கள் சாக்லேட் பெட்டியைத் தூக்கிக்கொண்டு சொந்தக்காரர் வீட்டுக்குப் போகிறார்கள். அந்தக் கம்பெனிகள் விளம்பரத்தில் என்ன உத்தி வைத்திருக்கின்றன, அதில் ஏதாவது நமக்கும் ஆகுமா, உள்ளூர் கேபிள்காரர் விளம்பரம் கொடுக்கச் சொல்கிறாரே, கொடுக்கலாமா?

நான் 17 வருஷம் ஒரு சாக்லேட் ஏஜென்சியில் லைன் பார்த்தவன். காரைக்குடி, புதுவயல், பள்ளத்தூர், தேவகோட்டை என்று வாரம் முழுக்கக் கடை கடையாக ஏறி ஆர்டர் எடுத்திருக்கிறேன். இப்போது லேபிளும் அட்டைப்பெட்டியும் அச்சடித்துக் கொடுக்கிற வேலை. அதனால் இரண்டு பக்கமும் நின்று பார்த்தவன் என்ற தைரியத்தில் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

ஒரு நாள் உட்கார்ந்து சாக்லேட் விளம்பரங்களை மட்டும் கவனித்துப் பாருங்கள். ருசியைப் பற்றி எவ்வளவு குறைவாகப் பேசுகிறார்கள் என்பது தெரியும். கொக்கோ எங்கே விளைந்தது, பால் எவ்வளவு, யார் செய்தது என்ற பேச்செல்லாம் ஓரமாக வந்து போகும். பேச்சு முழுக்க ‘எப்போது’ என்பதைப் பற்றித்தான். பரீட்சை பாஸானால், சம்பளம் வந்தால், சண்டை போட்டுச் சமாதானமானால், மாப்பிள்ளை பார்க்க வந்தால் என்று வாழ்க்கையில் ஒரு தருணத்தைப் பிடித்து, அதன் மேல் துண்டைப் போட்டு இடம் பிடிப்பதுதான் இந்தத் தொழிலின் முதல் வேலை. பஸ் சீட்டில் துண்டு போடுகிற மாதிரியேதான்.

இதை நம் நாட்டில் கேட்பரி செய்த விதத்தைப் பார்த்தால் தெளிவாகப் புரியும். 1948-லேயே இந்தியாவுக்கு வந்துவிட்ட கம்பெனி அது. ஆனாலும் வெகுகாலம் சாக்லேட் என்பது பிள்ளைகள் சமாசாரம். மீசை வைத்தவன் நடுத்தெருவில் நின்று சாக்லேட் தின்றால் சிரிப்பார்கள். 1994-ல் ஒரு விளம்பரம் வந்தது. கிரிக்கெட் மைதானத்தில் பையன் சிக்ஸர் அடிக்கிறான். பார்வையாளர் பக்கமிருந்து ஒரு பெண் கையில் டெய்ரி மில்க்குடன், காவலுக்கு நிற்பவரை ஏய்த்துவிட்டு மைதானத்துக்குள் ஆடிக்கொண்டே ஓடி வருகிறாள். அவ்வளவுதான் கதை. அதில் சாக்லேட் இனிக்கும் என்று ஒரு வார்த்தை கிடையாது. பெரியவர்களுக்கும் பிள்ளைத்தனம் உண்டு, அதைக் காட்டிக்கொள்வதில் வெட்கம் இல்லை என்று சொல்லாமல் சொன்னது. 2021-ல் அதையே திருப்பிப் போட்டு எடுத்தார்கள். பெண் மட்டை பிடிக்க, பையன் ஆடிக்கொண்டு ஓடி வந்தான். 27 வருஷம் கழித்தும் ஜனங்களுக்குப் பழைய படம் ஞாபகம் இருந்ததால்தான் புதியது எடுபட்டது.

அடுத்த அடி இதைவிடக் கெட்டி. 2003 அக்டோபரில், அதுவும் பண்டிகை நேரத்தில், மகாராஷ்டிராவில் சில டெய்ரி மில்க் பாக்கெட்டில் புழு இருந்ததாகப் பெரிய களேபரம் ஆனது. எங்கள் லைனில்கூடச் சில வாரம் கடைக்காரர்கள் கை நீட்டி வாங்கவில்லை. கம்பெனி 2004 தொடக்கத்தில் உறையை மாற்றியது, காற்றுப் புகாதபடி ஒட்டிய உள்ளுறை வந்தது. அமிதாப் பச்சனை விளம்பரத்தில் கொண்டுவந்தார்கள். ஏன் அவர்? பொம்பளைப் பிள்ளை ஆடி ஓடி வந்தால் குறும்புக்குச் சரிவரும், பயம் தீராது. பயம் தீர வீட்டுப் பெரியவர் வந்து ‘சாப்பிடலாம்டா’ என்று சொல்ல வேண்டும். அதன்பிறகு வந்த ‘ஸ்வீட் எடு கொண்டாடு’ வரிசைதான் உங்கள் மாமியாரின் வியாபாரத்தை நேராகத் தொட்டது. ‘ஸ்வீட்’ என்ற சொல்லைக் கவனியுங்கள். சாக்லேட் எடு என்று சொல்லவில்லை. அதுவரை நல்ல சேதி என்றால் சர்க்கரை, கற்கண்டு, லட்டு, அதிரசம். அந்தத் தட்டில் சாக்லேட்டையும் ஒரு ‘ஸ்வீட்’ என்று சத்தமில்லாமல் உட்கார வைத்தார்கள். சம்பள நாள் விளம்பரம் வந்தது. பிறகு, எதைத் தொடங்கினாலும் இனிப்புத் தொட்டுத் தொடங்கும் வழக்கத்தை எடுத்துக்கொண்டு ‘சுப ஆரம்பம்’ என்று ஒரு வரிசை வந்தது. புதிய பழக்கம் எதையும் அவர்கள் உண்டாக்கவில்லை. நம் பாட்டிமார் நூறு வருஷமாகச் செய்துவந்த பழக்கத்தில் பண்டத்தை மட்டும் மாற்றினார்கள்.

ஜப்பானில் கிட்கேட்டுக்கு நடந்ததும் கிட்டத்தட்ட இதுதான். அந்தப் பெயர் அவர்கள் காதில் ‘கிட்டோ கட்ஸு’ என்று விழுகிறது. ‘கட்டாயம் ஜெயிப்பாய்’ என்று அர்த்தம் வருமாம். பரீட்சைக்குப் போகிற பிள்ளைக்குக் கொடுத்தனுப்புகிற பண்டமாகவே அது ஆகிவிட்டது. கம்பெனி அந்த நம்பிக்கையைப் பிடித்துக்கொண்டு தபாலில் அனுப்பும்படியான பாக்கெட்கூடப் போட்டது. இங்கே பரீட்சைக்கு முன்னால் பிள்ளையார்பட்டிக்குப் போய் பேனாவை வைத்துக் கும்பிட்டு வருகிறோம். அங்கே பெட்டிக்கடையில் நாலு விரல் வேஃபரை வாங்கிக் கொடுக்கிறார்கள். மனசு ஒன்றுதான்.

இப்போது பெட்டி விஷயம். தீபாவளிக்குப் பெட்டி வாங்குகிறவர் அதைச் சாப்பிடப் போகிறவர் அல்ல. கொடுக்கப் போகிறவர். அவருக்கு வேண்டியது மூன்று: கையில் பிடித்தால் கௌரவமாக இருக்க வேண்டும், எவ்வளவு செலவழித்தோம் என்பது வாங்கியவருக்கு வாய் திறக்காமல் தெரிய வேண்டும், ரெண்டு வாரம் கிடந்தாலும் கெடக்கூடாது. சாக்லேட் பெட்டியில் விலை அச்சிட்டே இருக்கிறது. உங்கள் மாமியாரின் அதிரசம் எண்ணெய் ஊறின செய்தித்தாள் விரித்த பிளாஸ்டிக் டப்பாவில் போகிறது. உள்ளே இருக்கிற நெய்யும் பாகு பதமும் 600 ரூபாய் பெறும். வெளியே பார்த்தால் 60 ரூபாய்க்குத்தான் தெரிகிறது. கொடுப்பவர் கூசுகிறார், அவரைக் குற்றம் சொல்ல முடியாது.

இதில் கரை கண்டவர்கள் ஃபெரேரோ ரோஷர்காரர்கள். 1982-ல் இத்தாலியக் கம்பெனி கொண்டுவந்த பண்டம். உருண்டை ஒவ்வொன்றுக்கும் தங்க நிறத் தாள், அடியில் காபி நிறத்தில் சின்னக் கிண்ணம், மேலே ஒட்டு, எல்லாவற்றையும் பார்க்கும்படி கண்ணாடி மாதிரி டப்பா. பிரித்துத் தின்பதற்குள் நாலு வேலை. அந்த நாலு வேலையும் விளம்பரம்தான். சும்மா உருண்டையாக ஜாடியில் போட்டு வைத்தால் அதே பண்டத்துக்குப் பாதி விலைகூடச் சொல்ல முடியாது.

டப்பா என்றதும் ஒன்று ஞாபகம் வருகிறது. முனீஸ்வரன் கோயில் தெருப் பழம்பொருள் கடை ஒன்றில் ஒரு தகர டப்பா பார்த்தேன். குவாலிட்டி ஸ்ட்ரீட், இங்கிலாந்து மிட்டாய். மூடியில் சிவப்புச் சட்டைச் சிப்பாயும் தொப்பி வைத்த சீமாட்டியும், பாதி உரிந்துபோய். உள்ளே மிட்டாய் தீர்ந்து எத்தனை காலம் ஆனதோ, அடியில் இரண்டு ஊசியும் ஒரு நூல்கண்டும் கிடந்தன. பர்மா, மலாயா, சிங்கப்பூர் என்று கொண்டுவிற்கப் போன வீடுகளில் இப்படி டப்பாக்கள் வந்து தங்குவது வழக்கம்தான். அந்த மிட்டாய் 1936-ல் வந்தது. உலகமே பணமுடையில் கிடந்த காலம். முந்தின நூற்றாண்டுச் சொகுசான உடுப்பில் இரண்டு பேரை மூடியில் வரைந்து, நல்ல காலத்தைக் கண்ணில் காட்டி, கலர் கலர்த் தாளில் மிட்டாயைச் சுற்றிக் கொடுத்தார்கள். மிட்டாய் ஒரு வாரம். டப்பா அறுபது, எழுபது வருஷம் நூல்கண்டு சுமந்துகொண்டு விளம்பரம் செய்தது. கடைக்காரரிடம் விலை கேட்டேன். சொன்ன விலைக்கு ஐந்து கிலோ மாவுருண்டை வாங்கலாம்.

மிட்டாய்க்கு விளம்பரம் செய்வது சாக்லேட்டைவிடக் கஷ்டம். ஒரு ரூபாய்ப் பண்டத்துக்குக் கௌரவம் சொல்ல முடியாது, பெட்டி போட முடியாது. அங்கே பயன்படுவது வாய்ப்பேச்சு. 1983-ல் வந்த பார்லே கம்பெனியின் மெலடிக்கு ஒரு கேள்விதான் மூலதனம்: மெலடி ஏன் இவ்வளவு சாக்லேட்டியாக இருக்கிறது? பதில் சொல்ல மாட்டார்கள், நீயே தின்று தெரிந்துகொள் என்பார்கள். காபி பைட்டுக்கு ஒரு வழக்கு: இது காபியா, டாஃபியா? பள்ளிக்கூடத்தில் நாங்களே இரண்டு கட்சியாகப் பிரிந்து கத்தியிருக்கிறோம். கத்துகிற ஒவ்வொருவனும் சம்பளமில்லாத விளம்பரக்காரன் என்பது அப்போது தெரியவில்லை. இதில் நம் ஊர்ப் பெருமையும் ஒன்று உண்டு. காபி பைட் போட்ட பாரீஸ் கன்ஃபெக்‌ஷனரி அப்போது முருகப்பா குழுமத்தின் கையில் இருந்தது. அந்தக் குடும்பம் நம் பள்ளத்தூர்க் குடும்பம். 1981-ல் மிட்டாய்க் கம்பெனியின் தாய்க் கம்பெனியான ஈ.ஐ.டி. பாரி அவர்கள் கைக்கு வந்தது. மிட்டாய்க் கம்பெனியை 2004-ல் கொரியாவின் லோட்டேவுக்குக் கொடுத்துவிட்டார்கள். பள்ளத்தூர் லைனில் காபி பைட் ஜாடி போடும்போதெல்லாம் கடைக்காரர் ஒருவர், ‘நம்ம ஊரு மிட்டாய்ப்பா, நல்லா முன்னாடி வையி’ என்பார். அவருக்கு ஸ்கீம் (சரக்கை முன்னால் வைப்பதற்குக் கம்பெனி கொடுக்கும் பணம், இலவச பீஸ்) எதுவும் கொடுக்கத் தேவைப்படவில்லை.

ஸ்கீம் என்றேன். டிவியில் வருவது விளம்பரத்தின் தலை மட்டும். உடம்பு முழுக்கக் கடையில் இருக்கிறது, அதைப் பற்றி யாரும் பேசுவதில்லை. அமெரிக்காவில் ஹெர்ஷி என்ற பெரிய சாக்லேட் கம்பெனி 1970 வரை பத்திரிகையிலோ டிவியிலோ நாடு தழுவிய விளம்பரம் செய்ததே இல்லை. எங்கே திரும்பினாலும் கடையில் பண்டம் கண்ணில் படும்படி செய்ததே அவர்களுக்குப் போதுமாக இருந்தது.

எங்கள் வேலையும் அதுதான். சாக்லேட் எங்கே இருக்க வேண்டும்? கல்லாவுக்குப் பக்கத்தில். அரிசி, பருப்பு என்று எழுதிக்கொண்டு வருகிற யாரும் சாக்லேட்டை எழுதிக்கொண்டு வருவதில்லை. காசு கொடுக்க நிற்கும் அந்த ஒரு நிமிஷத்தில், கை சும்மா இருக்கும்போது, கண்ணில் பட்டால்தான் உண்டு. அதனால்தான் கல்லா மேல் அட்டை ஸ்டாண்ட், பக்கத்தில் ஜாடி, மேலே தொங்கும் சரம். அந்த இடத்துக்குக் கடைக்காரருக்கு மாதாமாதம் டிஸ்ப்ளே பணமோ, பெட்டிக்கு இத்தனை பீஸ் இலவசமோ போகும். போட்டிக் கம்பெனிக்காரன் வந்தால் நம் ஸ்டாண்டைத் தள்ளிவிட்டுத் தன் ஜாடியை வைப்பான். அடுத்த வாரம் நான் போய் அதைத் தள்ளுவேன். கடைக்காரர் இரண்டு பேரிடமும் பணம் வாங்கிக்கொண்டு, மூன்றாவதாக அங்கே தன் செல்போன் சார்ஜரை வைப்பார்.

பிறகு கண்ணாடிக் கதவு ஃபிரிட்ஜ், விசிகூலர். கொக்கோ வெண்ணெய் ஏறக்குறைய 34 டிகிரியில் உருகும். வாயில் போட்டதும் கரைவது அதனால்தான், நம் சித்திரை வெயிலில் கடையிலேயே கரைவதும் அதனால்தான். எனவே கம்பெனியே ஃபிரிட்ஜ் கொடுக்கும். ஊதா நிறத்தில், உள்ளே விளக்கெரிய, தெருவிலிருந்தே தெரியும். சரக்குக்குக் குளிர்ச்சி, கம்பெனிக்கு 24 மணி நேர போர்டு. வேறு எதையும் உள்ளே வைக்கக்கூடாது என்பது ஒப்பந்தம். செக்காலை ரோட்டில் ஒரு கடையில் திறந்து பார்த்தால் மேல்தட்டில் இட்லி மாவு பாக்கெட், நடுத்தட்டில் எங்கள் சாக்லேட், கீழே ஈரத்துணியில் சுற்றின மல்லிகைப்பூப் பந்து. சாக்லேட் பக்கத்து வாசனையை இழுத்துக்கொள்ளும். அந்த மாதம் அந்தக் கடையில் விற்ற பட்டை எல்லாம் மல்லிகை மணந்தது. ஒரு பிள்ளைகூடக் குறை சொல்லவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

ஃபிரிட்ஜ் இல்லாத இடத்தில் அடி எங்களுக்கு. ஒரு மே மாதம் லாரி ஷெட்டில் இரண்டு நாள் கிடந்து வந்த சரக்கு, பிரித்தால் முழுக்க வெள்ளை பூத்திருந்தது. உருகின கொழுப்பு மேலே வந்து உறைந்த பூப்புதான், பூஞ்சை இல்லை. ஆனால் வாங்குகிறவருக்கு அதை யார் விளக்குவது? டேமேஜ் கிளைம் போட்டோம். வைத்துப் பாதுகாக்காதது உங்கள் தவறு என்று மேலே இருந்து பதில் வந்தது. கம்பெனிப் பெயர் வேண்டாம், நான் இப்போதும் அந்த முதலாளியைக் கோயிலில் பார்க்கிறேன்.

பிள்ளைகளைப் பிடிக்கிற உத்தியைத் தனியாகச் சொல்ல வேண்டும். கல்லுக்கட்டிப் பக்கம் ஒரு கடையில் நான் ஆர்டர் எழுதிக்கொண்டிருந்தபோது நடந்தது. அப்பத்தா கையைப் பிடித்துக்கொண்டு நாலு வயசுப் பையன் வந்தான். அப்பத்தா கேட்டது அரைக்கிலோ வெல்லம். பையன் கண் கல்லாவுக்கு அடியில் இருந்த முட்டைகள் மேல். இரண்டாவது தட்டு, சரியாக அவன் முகத்துக்கு நேரே. அப்படி வைக்கச் சொல்லித்தான் எங்களுக்குப் படமே வரும்.

‘அப்பத்தா, முட்டை.’

‘முட்டை வீட்ல இருக்குப்பா.’

‘அது இல்ல. உள்ள பொம்மை இருக்கும்.’

‘எம்புட்டுப்பா அது?’ என்று கடைக்காரரைக் கேட்டார்.

‘நாப்பத்தஞ்சு ரூவா, ஆச்சி.’

அவர் கையிலிருந்த வெல்லத்தைப் பார்த்தார். பையனைப் பார்த்தார். முந்தானை முடிச்சை அவிழ்த்தார். பையன் வாசல்படியிலேயே உட்கார்ந்து முட்டையைப் பிரித்து, பொம்மையை எடுத்துக்கொண்டு, மறுபாதியை அப்படியே அப்பத்தாவிடம் நீட்டினான். அந்தக் கிழவிக்குப் பல் இல்லாததால் அது சௌகரியமாகத்தான் போயிற்று.

கிண்டர் முட்டையின் மூல வடிவம் 1974-ல் இத்தாலியில் வந்தது. சாக்லேட் ஓட்டுக்குள்ளேயே பொம்மை இருக்கும். தின்கிற பண்டத்துக்குள் தின்னக்கூடாத பொருள் இருக்கக்கூடாது என்ற 1938-ஆம் வருஷச் சட்டத்தால் அமெரிக்காவில் அதை விற்க முடியவில்லை. நம் ஊரில் விற்கும் கிண்டர் ஜாயில் பண்டம் ஒரு பாதி, பொம்மை மறுபாதி, நடுவில் தடுப்பு. இந்த வடிவத்துக்குப் பிற்பாடு அங்கேயும் வழி கிடைத்தது. சிலி நாடு 2016-ல் இன்னும் ஒருபடி மேலே போய், பொம்மையைக் காட்டிப் பிள்ளைகளைப் பிடிப்பதே கூடாது என்று பொம்மை முட்டையைத் தடுத்தது. நம் நாட்டிலும் விதி இல்லாமல் இல்லை. பள்ளிக்கூட வாசலிலிருந்து 50 மீட்டருக்குள் சர்க்கரை, கொழுப்பு, உப்பு மிகுந்த பண்டங்களை விற்கவோ விளம்பரம் செய்யவோ கூடாது என்று உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 2020 விதிமுறை சொல்கிறது. மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையத்தின் 2022 வழிகாட்டுதலில், பரிசுப்பொருள் காட்டித் தேவையில்லாததை வாங்கும்படி பிள்ளைகளைத் தூண்டக்கூடாது என்று இருக்கிறது. அந்த 50 மீட்டரை நாடா பிடித்து அளக்க வந்த ஒருவரை என் லைனில் நான் பார்த்ததில்லை.

நீங்கள் கேட்காவிட்டாலும் இதில் என் கட்சியைச் சொல்லிவிடுகிறேன். பெரியவர்களைச் சிரிக்க வைத்து, அழவைத்து விற்பதில் எனக்கு ஆட்சேபம் இல்லை, அவர்களுக்குப் பர்ஸும் புத்தியும் இருக்கிறது. நாலு வயசுப் பிள்ளையின் முகத்துக்கு நேரே தட்டு அடிப்பதைப் பல வருஷம் என் கையாலேயே செய்தேன். இப்போது செய்யச் சொன்னால் செய்ய மாட்டேன்.

விலையிலும் ஒரு விளம்பரம் ஒளிந்திருக்கிறது. ஐந்து ரூபாய், பத்து ரூபாய் என்ற எண் ஜனங்கள் மனசில் பதிந்த பிறகு அதை அசைக்க மாட்டார்கள். உள்ளே எடையைக் குறைப்பார்கள். உறை அதே நீளம், பட்டை மட்டும் மெலியும். வெளிநாட்டில் 2016-ல் டோப்ளரோன் பட்டையில் முக்கோணங்களுக்கு நடுவே இடைவெளியை அகலமாக்கினபோது ஜனங்கள் கண்டுபிடித்துச் சிரித்துவிட்டார்கள். இப்போது ஒரு கிலோவுக்குக் குறைந்த பாக்கெட்டில் கிராமுக்கு என்ன விலை என்று அச்சிட வேண்டும் என்று விதி இருக்கிறது. எழுத்து எறும்பு அளவு இருக்கும், ஆனால் இருக்கும். சில்லறைக்குப் பதில் மிட்டாய் கொடுக்கிற வழக்கமும் ஒரு காலத்தில் பெரிய விற்பனை. போனில் ஸ்கேன் செய்து காசு போடுகிற பழக்கம் வந்தபின் ஜாடி மிட்டாய் படுத்துவிட்டது என்பது என் கணக்கு.

சத்துப் பேச்சும் ஒன்று உண்டு. டெய்ரி மில்க் உறையில் இரண்டு குவளையிலிருந்து பால் வழியும் படம் பார்த்திருப்பீர்கள். ‘ஒன்றரைக் குவளைப் பால்’ என்று 1928-லிருந்து இங்கிலாந்தில் சொல்லி வந்தார்கள். 2010-ல் அந்த வாசகத்தை எடுத்துவிட்டு, 227 கிராமுக்கு 426 மில்லி பாலுக்குச் சமம் என்று அளவாகப் போட வேண்டியதாயிற்று. படம் மட்டும் நிலைத்தது. படத்துக்கு அளவு கேட்பவர் யாருமில்லையே. இதை எதற்குச் சொல்கிறேன் என்றால், கருப்பட்டிப் பணியாரத்துக்கும் கும்மாயத்துக்கும் ‘சர்க்கரை இல்லாதது’ என்று லேபிள் அடிக்கச் சொல்லி என்னிடம் வருகிறார்கள். நீங்கள் அதைச் செய்யாதீர்கள். சட்டத்தின் கண்ணில் கருப்பட்டியும் சேர்த்த சர்க்கரைதான். ‘கருப்பட்டியில் செய்தது’ என்று போடுங்கள், அது உண்மை, அதற்கே ஆள் இருக்கிறது.

கேபிள் விஷயத்துக்கு வருகிறேன். வேண்டாம். சீரியலுக்குக் கீழே ஓடுகிற எழுத்தில் ஜவுளிக்கடை, அடகுக்கடை, ஆழ்துளைக் கிணறு எல்லாம் ஓடுகிறது, அதில் உங்கள் மாமியாரின் அதிரசமும் ஓடிப்போகும். ஷாருக்கானை வைத்து விளம்பரம் எடுத்த கேட்பரிக்காரர்களே 2021 தீபாவளிக்கு என்ன செய்தார்கள் தெரியுமா? செயற்கை நுண்ணறிவால் அவர் முகத்தையும் குரலையும் அமைத்து, எந்த ஊர்ச் சின்னக் கடைக்காரரும் தன் கடைப் பெயரைக் கொடுத்தால் ஷாருக்கானே அந்தப் பெயரைச் சொல்லி அங்கே வாங்கச் சொல்வது போல வீடியோ வரும்படி செய்தார்கள். கடைசியில் கோடி கோடியாகப் பணம் உள்ளவனும் தெருக்கடைப் பெயரைத் தேடித்தான் வந்தான். அந்தத் தெருப் பெயர் உங்களிடம் ஏற்கெனவே இருக்கிறது.

நம் ஊர் வீடுகளில் தவலை, தூக்கு, அண்டா எதைத் திருப்பினாலும் அடியிலோ கழுத்திலோ வீட்டு விலாசம் வெட்டியிருக்கும், அதாவது குடும்பத்துப் பெயர்களின் முதலெழுத்து மூன்று நாலு. ரங்கூனில் கடை வைத்தபோதும் அதே எழுத்துதான் கடைக்குப் பெயர். அதைவிட நல்ல முத்திரையை எந்த டிசைனர் போட்டுத் தருவார்? உங்கள் வீட்டு விலாசத்தையே மூடியில் பெரிதாகப் போடுங்கள். மாமியார் படம் வேண்டாம், இப்போது எல்லா மசாலாப் பாக்கெட்டிலும் ஒரு ஆச்சி சிரிக்கிறார். உணவுப் பாதுகாப்புப் பதிவின் 14 இலக்க எண், எடை, போட்ட தேதி, எத்தனை நாள் இருக்கும் என்பது பக்கத்தில் தெளிவாக. பனை ஓலைக் கொட்டானில் வைத்துக் கொடுத்தால் கல்யாண ஆர்டருக்குக் கண்ணை மூடிக்கொண்டு விலை ஏறும். தினசரி விற்பனைக்குக் கட்டாது.

தீபாவளியில் மட்டும் மோதாதீர்கள். அங்கே துண்டு போட்டாகிவிட்டது. யாரும் துண்டு போடாத ஒரு தருணம் நம் ஊரில் இருக்கிறது, 17 வருஷம் பஸ் ஸ்டாண்டில் நின்று பார்த்ததால் சொல்கிறேன். வெளியூர்ப் பிள்ளைகள் ஊருக்கு வரும்போது சிங்கப்பூர் சாக்லேட்டும் துபாய் சாக்லேட்டும் கொண்டுவருவார்கள். திரும்பிப் போகும்போது? நாட்டரசன்கோட்டை செவ்வாய்ப் பொங்கல் முடிந்து, கோயில் திருவிழா முடிந்து, கல்யாணம் முடிந்து ஒவ்வொரு வீட்டிலும் கடைசி நாள் ராத்திரி பெட்டி கட்டுவார்கள். அப்போது யாராவது ஒருவர் ‘ஏதாவது பலகாரம் குடுத்துவிடணுமே’ என்று அலைவார். கிடைத்ததைச் சோப்பு வாசனை அடிக்கிற துணிகளுக்கு நடுவில் திணிப்பார்கள். சென்னை போய்ச் சேரும்போது தேன்குழல் தூளாகியிருக்கும், அதிரசத்து எண்ணெய் பட்டுச்சேலையில் ஏறியிருக்கும்.

அந்த ராத்திரிக்கு ஒரு பெட்டி போடுங்கள். பெயரே ‘ஊருக்குப் போற பெட்டி’ என்று இருக்கட்டும். சூட்கேஸில் படுக்க வைக்கும் அளவு, ஒரு கிலோ, எண்ணெய் கசியாத உள்தாள், அதிரசத்துக்கும் தேன்குழலுக்கும் தனித்தனி அறை. முதல் நாள் சாயங்காலம் போன் செய்தால் மறுநாள் காலை வீட்டில் கிடைக்க வேண்டும். விளம்பரம் என்று தனியாக ஒன்றும் வேண்டாம், பஸ் புக்கிங் ஆபீஸ் இரண்டிலும் கல்யாண மண்டபம் நாலிலும் போன் நம்பரோடு ஒரு அட்டை போதும். கல்லாவுக்குப் பக்கத்தில் வைக்கச் சொல்லுங்கள். சார்ஜர் இருந்தால் தள்ளிவிட்டு வைத்துவிட்டு வாருங்கள்.

அச்சு வேலைக்கு என்னிடமே வாருங்கள் என்று சொல்ல வரவில்லை, யாரிடமும் போகலாம். எங்கே போனாலும் படம் வரைய உட்காரும் முன் மாமியார் சுட்ட தேன்குழல் பத்து எடுத்துக்கொண்டு போங்கள். அதன் அகலம் அளந்துதான் பெட்டிக்கு அளவு போட வேண்டும். அந்தப் பத்தையும் மாதிரிப் பெட்டியில் வைத்து அனுப்பி, எட்டு மணி நேரம் பஸ்ஸில் குலுங்கியும் பத்தில் ஒன்பது முழுசாக நின்றால் அந்த அட்டைக்கே ஆர்டர் கொடுங்கள்.